கடலும் குளமும்: மீன்வள ஆராய்ச்சி பற்றி நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மீன்வளம் படித்தவள். கரையில் மீன் அளக்கிறவர்களோடும் குளத்துக் குத்தகைக்காரர்களோடும் பல வருடமாக அலைந்துகொண்டிருக்கிறேன். உவரியில் கேட்ட கேள்வியை மறுவாரம் கூட்டப்புளியில் கேட்பார்கள். விஜயநாராயணம் குளத்துக் கரையில் கேட்டதை மானூரில் கேட்பார்கள். நின்ற நிலையில் பதில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதினேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே வைத்திருக்கிறேன்.

கடல்ல மீன் கெடக்கு, புடிக்கோம், விக்கோம். இதுல ஆராய என்னம்மா இருக்கு?

விதைநெல்லை யாரும் குத்திச் சோறாக்க மாட்டோம். குதிருக்குள் கையை விட்டால் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம் என்று தெரிந்துவிடும். கடலுக்குள் அப்படிக் கையை விட முடியாது. எவ்வளவு மீன் இருக்கிறது, எவ்வளவு பிடிக்கலாம், எவ்வளவை விட்டுவைத்தால் வருகிற வருடமும் கிடைக்கும் என்று வெளியில் நின்றே கணக்குப் போடுகிற வேலைதான் இந்த ஆராய்ச்சி.

தூத்துக்குடி முத்துக்குளிப்பு நமக்குத் தெரியும். பாண்டியர் காலத்திலிருந்து பேர் பெற்ற அந்தப் பார்களில், அதாவது சிப்பி ஒட்டிக் கிடக்கும் கடலடிப் பாறைத் திட்டுகளில், கடைசியாகக் குளித்தது 1961-ல். அதற்குப் பிறகு குளிக்கிற அளவுக்குச் சிப்பி சேரவில்லை. 1973-ல் அதே கரையில் கே. அழகர்சாமி குழுவினர் சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். 1981-ல் சிப்பிக் குஞ்சையே தொட்டியில் பொரிக்க வைத்தார்கள். இத்தனை செய்தும் பழைய பார்கள் பழையபடி நிறையவில்லை. போனதைத் திருப்புவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம் பக்கத்திலேயே இருக்கிற உதாரணம் இது. காலியாகும் முன்பே அளக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வதும் இதனால்தான்.

யாரெல்லாம் இதப் பண்ணுதாங்க? எல்லாம் டெல்லியில இருந்தா வாராங்க?

இல்லை, பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கியது, ஆரம்ப காலத்தில் மண்டபத்தில் இருந்தது. இப்போது தலைமையகம் கொச்சியில் இருக்கிறது, தூத்துக்குடியில் அதன் நிலையம் உண்டு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-லிருந்து இருக்கிறது. நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் கடலுக்கு ராஜாக்கமங்கலத்திலும், ஆறு, மலை ஓடைகளுக்கு ஆழ்வார்குறிச்சியிலும் மையம் வைத்திருக்கிறது. வலை, படகு பற்றிய ஆராய்ச்சிக்குக் கொச்சியில் தனி நிறுவனம், இறால் போன்ற உவர்நீர் வளர்ப்புக்குச் சென்னையில் தனி நிறுவனம். எல்லாமே நம் வரிப்பணத்தில் நடப்பவை. சந்தேகம் இருந்தால் நேரில் போய்க் கேட்கலாம், தயங்க வேண்டாம்.

ஸ்கேலும் நோட்டுமா வந்து மீன அளக்காரே, வரி போடவா?

இல்லவே இல்லை. அவர் கணக்கெடுப்பாளர். எல்லாக் கரையிலும் எல்லா நாளும் வரும் மீனை எண்ணி முடியாது. அதனால் மாதத்தில் சில நாட்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பார்கள். முதல் நாள் பகல் 12 மணியிலிருந்து மாலை 6 வரை, மறுநாள் காலை 6-லிருந்து 12 வரை கரையில் நின்று பார்ப்பார். இடைப்பட்ட ராத்திரியில் வந்ததை விசாரித்து எழுதிக்கொள்வார். அதை வைத்துத்தான் மாதக் கணக்கு, வருடக் கணக்கு எல்லாம் வருகிறது.

எத்தனை கிலோ என்பதோடு எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் டீசல் என்றும் கேட்பார். காரணம் இருக்கிறது. போன வருடம் 100 கிலோ, இந்த வருடமும் 100 கிலோ என்றால் கடல் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் போன வருடம் 4 மணி நேரத்தில் கிடைத்ததற்கு இந்த வருடம் 9 மணி நேரம் ஆகியிருந்தால் மீன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். உழைப்புக்கு எவ்வளவு பாடு, அதாவது வலையில் பட்ட மீன், என்பதுதான் கடலின் நாடி.

பயந்துகொண்டு குறைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. அது நமக்கு நாமே வைக்கும் வேட்டு. நாளைக்குப் புயலில் வலை போனாலும், கரையை ஒட்டி ஏதாவது திட்டம் வந்தாலும், "இந்தக் கரையில் இவ்வளவு மீன் வருகிறது, இத்தனை குடும்பம் பிழைக்கிறது" என்று காட்ட நம் கையில் இருப்பது அந்த எண் மட்டும்தான்.

மீனு காதுக்குள்ள கல்லு இருக்காமே? அத வச்சு வயசு சொல்லிருவாகளோ?

சொல்லிவிடலாம். மீன் தலைக்குள் சுண்ணாம்பால் ஆன சின்னக் கல் ஜோடி ஜோடியாக இருக்கும். குளிர்நாட்டு மீன் என்றால் மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி அதில் வருட வளையம் தெளிவாகத் தெரியும். நம் கடல் வருடம் முழுக்கச் சூடாக இருப்பதால் வருட வளையம் மங்கலாக இருக்கும். அதனால் இளம் மீனில், தினம் ஒன்றாகப் படியும் மெல்லிய வளையங்களை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். வயசு தெரிந்தால்தான் எவ்வளவு வேகமாக வளர்கிறது, எத்தனை மாதத்தில் சினைக்கு வருகிற நீளத்தை எட்டுகிறது என்பது தெரியும். அது தெரிந்தால்தான் வலைக்கண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும். கல்லில் தொடங்கி வலையில் முடிகிற கணக்கு.

சித்திரையில இருந்து 61 நாள் தடை போடுதாங்களே, எல்லா மீனும் அப்பதான் முட்டை போடுதாக்கும்?

நியாயமான கேள்வி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. முன்னால் 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61 நாள். நம் கடலில் பல மீன்கள் வருடத்தில் நீண்ட காலம் முட்டையிடும், ஒவ்வொன்றுக்கும் உச்சம் ஒவ்வொரு மாதம். ஆகவே எல்லா மீனும் இந்த 61 நாளில்தான் முட்டையிடுகிறது என்று யாராவது சொன்னால் அது சரியில்லை.

ஆனாலும் தடைக்குப் பலன் உண்டு. இரண்டு மாதம் விசைப்படகுகளின் இழுவை மடி வலை கடல் தரையைச் சுரண்டாமல் இருக்கிறது, குஞ்சு கொஞ்சம் வளர்கிறது. ஜூன் 15-ம் தேதி எல்லாப் படகும் ஒரே நாளில் இறங்கி, அந்தக் குஞ்சைச் சின்னக் கண்ணில் அள்ளினால் 61 நாள் பொறுத்தது ஒரு வாரத்தில் போய்விடும். தடையையும் வலைக்கண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, வலைக்கண்ணப் பெருசாக்கச் சொல்லுதீக. எங்க பாடு கொறையுமே, யாரு தருவா?

முதல் கொஞ்ச நாள் குறையத்தான் செய்யும், அதை மறைக்கக் கூடாது. ஆனால் போவது எது என்று பாருங்கள். இழுவை மடியில் வரும் சங்காயம், அதாவது சுண்டுவிரல் நீளத்துக் கலவாக் குஞ்சும் விளமீன் குஞ்சும் கூனியோடு கலந்து கூழாகக் கிடப்பது, தீவன ஆலைக்கும் உரத்துக்கும் அடிமாட்டு விலைக்குப் போகிறது. அதே விளமீன் வளர்ந்து வந்தால் கிலோ கணக்கில் விற்கலாம்.

கண்ணின் வடிவமும் முக்கியம். வழக்கமான சாய்சதுரக் கண் இழுக்கும்போது நீண்டு ஒட்டிக்கொள்ளும். மடியின் அடிப்பையில் சதுரக் கண் வைத்தால் இழுத்தாலும் திறந்தே இருக்கும், குஞ்சு வெளியேறும். கொச்சி நிறுவனம் வருடக்கணக்கில் சோதித்துச் சொன்ன விஷயம் இது. இதற்கு ஆகும் செலவில் அரசு பங்கு போட வேண்டும், தனி ஆள் தலையில் கட்டக் கூடாது.

சிங்கி 200 கிராமுக்குக் கொறஞ்சா ஏற்றுமதிக்கு எடுக்க மாட்டேங்கானே, இது எவன் போட்ட சட்டம்?

2003-ல் மத்திய அரசு சிங்கி இறால் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை வைத்தது. நம் பாறைகளில் அதிகம் படும் சிங்கிக்கு 200 கிராம், சேற்றுத்தரைச் சிங்கிக்கு 300, பெரிதாக வளரும் வண்ணச் சிங்கிக்கு 500, தட்டையான மணல் சிங்கிக்கு 150. ஒவ்வொன்றும் ஒரு தடவையாவது முட்டையிட்டுவிட்டு வலைக்கு வரட்டும் என்பதுதான் கணக்கு.

இதைக் கண்ணால் பார்த்தால் மனசு மாறும். சினைச் சிங்கியைத் திருப்பிப் போட்டால் வாலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் கடுகைவிடச் சின்ன முட்டைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கப் பழுப்பாக மாறும். ஒரு சிங்கியில் லட்சக்கணக்கில் முட்டை. பொரிந்து வருவது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், இலை மாதிரித் தட்டையான ஒரு உயிர். அது பல மாதம் நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு, அலைந்து, பல தடவை தோல் உரித்த பிறகுதான் சிங்கி உருவத்துக்கு வந்து பாரில் ஒட்டும். லட்சத்தில் ஒன்றிரண்டு தேறினால் பெரிது.

ஒரு பெரியவர் தன் சிங்கி வலையில் பட்ட சினைச் சிங்கியை என் முன்னாலேயே கத்தரித்து எடுத்துக் கடலில் விட்டார். வலையில் ஒரு முழம் கிழிந்தது. "கிழிஞ்சா முடிஞ்சுக்கிடலாம் தாயி" என்றார். எடைச் சட்டம் ஏற்றுமதிக்குத்தான். உள்ளூரில் 100 கிராம் சிங்கியை வாங்குகிறவர்கள் இருக்கும்வரை ஓட்டை இருந்துகொண்டே இருக்கும்.

அப்ப சிங்கியத் தொட்டியில பொரிச்சு விட்டா என்ன? மீனெல்லாம் பொரிக்காங்களே?

மேலே சொன்ன அந்த அலைகிற பருவம்தான் இடைஞ்சல். பல மாதம் தொட்டியில் வைத்து, பருவத்துக்கு ஏற்ற இரை கொடுத்துக் காப்பாற்றுவது மிகவும் சிரமமான வேலை. இதுவரை கூண்டில் செய்திருப்பது பிடித்த சின்னச் சிங்கியை வளர்த்துப் பெரிதாக்குவதுதான். அதற்குக் கடலிலிருந்துதான் குஞ்சு எடுக்க வேண்டும் என்பதால் கவனமாக இருக்க வேண்டும்.

மீனில் கதை வேறு. கடல் விராலை 2010-லும் பாம்பனோ என்கிற பாரை மீன் வகையை 2011-லும் மண்டபத்தில் பொரித்துவிட்டார்கள், கூண்டில் வளர்க்கிறார்கள். நம் கரையில் கூண்டு போடுவதென்றால் முதலில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றை யோசிக்க வேண்டும். மண்டபம் பக்கம் தீவும் திட்டும் மறைப்பாக இருக்கின்றன. உவரி முதல் கூட்டப்புளி வரை திறந்த கடல். அங்கே ஓடியது இங்கேயும் ஓடும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கடல் அட்டையப் பொரிக்கத் தெரியும்னு சொல்லுதாங்க, பொறவு ஏன் தொட்டா கேஸ் போடுதாங்க?

தூத்துக்குடியில் 1988-லேயே கடல் அட்டைக் குஞ்சு பொரிக்க வைத்தது உண்மை. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கடல் அட்டை வந்துவிட்டது. வளர்த்ததா, கடலில் எடுத்ததா என்று கரையில் பார்த்துச் சொல்ல முடியாது என்பது தடைக்குச் சொல்லப்படும் காரணம். எதிரே யாழ்ப்பாணத்தில் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். அளந்து, அடையாளம் வைத்து, சோதனை முறையிலாவது வளர்க்க வழி திறக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் சட்டம் மாறும்வரை தொடாதீர்கள், ஜெயில் தண்டனை உண்டு.

சாளை திடீர்னு காணாமப் போகுது, திடீர்னு குவியுது. எல்லாம் சுருக்குமடிக்காரனாலதானே?

சுருக்குமடி கூட்டத்தையே வளைத்து அள்ளுவதால் குஞ்சும் சேர்ந்து போகிறது என்பது உண்மை. தமிழ்நாட்டில் 2000-லேயே தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, 12 கடல் மைலுக்கு வெளியே வாரம் இரண்டு நாள் மட்டும், நிபந்தனையோடு அனுமதித்தது.

ஆனால் சாளை வலைக்கு மட்டும் கட்டுப்பட்ட மீன் இல்லை. மழை, நீரின் சூடு, அடியிலிருந்து சத்து மேலே பொங்கி வருவது எல்லாம் அதை ஆட்டிவைக்கும். கேரளத்தில் 2012-ல் சுமார் 3.9 லட்சம் டன் வந்த நெய்ச்சாளை 2021-ல் 3,500 டன்கூட வரவில்லை. நடுவில் 2015-16-ல் எல் நினோ வந்து கடல் சூடேறியது. இயற்கை குறைக்கும் வருடத்தில் நாமும் குஞ்சை அள்ளினால் எழுந்திருக்க நாளாகும். இரண்டும் சேர்ந்ததுதான் அடி.

செல்போன்ல மீன் இருக்குற இடம் வருதே, நம்பிப் போலாமா?

போகலாம், ஆனால் அது மீனைப் பார்த்துச் சொல்வதில்லை. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் செயற்கைக்கோள் மூலம் நீரின் சூட்டையும் பச்சையத்தையும் பார்க்கிறது. சூடும் குளிர்ச்சியும் சந்திக்கும் இடத்தில் இரை சேரும், இரை சேர்ந்தால் மீன் சேரும் என்ற கணக்கு. மேகம் மூடினால் தகவல் வராது. சூரைக்கும் அயிலைக்கும் பொருந்தும், பாரில் ஒட்டிக் கிடக்கும் கலவாவுக்குப் பொருந்தாது. காற்று, அலை எச்சரிக்கையைக் கட்டாயம் பாருங்கள்.

எங்க ஊருக் கொளத்துக்கு எத்தன குஞ்சு விடணும்? ஏலம் எடுத்தவரு லட்சக்கணக்குல கொட்டுதாரு.

ஏக்கருக்கு 2,000 குஞ்சு என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது தீவனம் போட்டு, உரம் போட்டு, தினம் பார்த்துக்கொள்ளும் பண்ணைக்குட்டைக் கணக்கு. மழைக்குப் பெருகிப் பங்குனியில் வற்றும் குளத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம். எண்ணிக்கையைவிடக் குஞ்சின் அளவு முக்கியம். தண்ணீர் நிற்பதே நாலைந்து மாதம் என்றால் நுண்குஞ்சு விட்டு என்ன பலன்? விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சை, பிசான நெல் சாகுபடிக்குக் குளம் பெருகியவுடன் விட வேண்டும். மேல்மட்டத்தில் மேயக் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால் என்று கலந்து விட்டால் ஒன்றின் இரையை ஒன்று பறிக்காது.

இந்த மூன்றும் வடக்கத்தி ஆற்று மீன்கள், குளத்தில் தானாக முட்டையிடாது. ஒரு காலத்தில் ஆற்றில் குஞ்சு அரித்துத்தான் கொண்டுவருவார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார். இன்று மணிமுத்தாறு பண்ணையில் பாக்கெட்டில் குஞ்சு வாங்குகிறோம் என்றால் அதனால்தான்.

விடியக்காலையில மீனெல்லாம் செத்து மெதக்கு. எவனோ மருந்து போட்டுட்டான், அப்படித்தானே?

போலீசுக்குப் போகும் முன் நேரத்தைப் பாருங்கள். பகலில் பாசி வெயிலில் மூச்சுக்காற்றைத் தண்ணீருக்குக் கொடுக்கும், ராத்திரி அதுவே எடுத்துக்கொள்ளும். மேகமூட்டமாக, காற்றில்லாமல் இரண்டு நாள் இருந்தால் விடியும் நேரத்தில் தண்ணீரில் மூச்சுக்காற்று தீர்ந்துவிடும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நல்லது, 3-க்குக் கீழே போனால் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். பெரிய மீன் முதலில் சாகும். மருந்து போட்டிருந்தால் சின்னதும் பெரியதும் பார்க்காது, தவளை, தண்ணீர்ப் பூச்சிகூடச் செத்துக் கிடக்கும்.

கருவி இல்லாமல் ஒரு சோதனை இருக்கிறது. பகலில் தண்ணீரைக் கலக்காமல் கையை முழங்கை வரை நேராக விடுங்கள். முழங்கை முங்கும்போது உள்ளங்கை மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது. மணிக்கட்டு முங்கும்போதே மறைந்தால் அதிகம். அன்றைக்குத் தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்திவிட்டு, பின்னிரவில் மோட்டார் போட்டுத் தண்ணீரை மேலே வாரி இறையுங்கள்.

கூந்தன்குளத்துல பறவை மீனத் தின்னு தீத்துருதே, பறவைய வெரட்டுனா என்ன?

கூந்தன்குளம் 1994-ல் சரணாலயம் ஆவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் வீட்டு மரத்தில் கூடுகட்ட இடம் கொடுத்துக் காத்த பறவைகள் அவை. நாரையும் கூழைக்கடாவும் மீன் தின்னும், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றின் எச்சம் விழுந்த தண்ணீர் பாசிக்கும் வயலுக்கும் உரம். பெரிய குஞ்சாக விடுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், பறவை வாய்க்குத் தப்பும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி சீக்கிரம் வளருதே, அதப் போட்டா என்ன தப்பு?

அதை வளர்க்கத் தடை இருக்கிறது. பண்ணைக்குள் இருக்கும்வரை சரி என்பார்கள், ஒரு வெள்ளத்தில் வாய்க்காலுக்குப் போய்விடும். கையில் அகப்பட்டதையெல்லாம் தின்னும். ஜிலேபிக் கெண்டையும் 1952-ல் வெளியிலிருந்து வந்ததுதான். தாய் முட்டையை வாயிலேயே வைத்துக் காப்பதால் எங்கும் பெருகி, இன்று அது இல்லாத குளம் அபூர்வம்.

எங்க தாத்தா காலத்துல ஆத்துல விலாங்கு கெடக்குமாம். இப்ப எங்க போச்சு?

விலாங்கு கடலில் பிறந்து, தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் முகத்துவாரம் வழியாக ஏறி, ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும் மீன். கடலிலிருந்து வந்தால் முதலில் எதிர்ப்படுவது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அதிலிருந்து கோடைமேலழகியான் வரை எட்டு அணைக்கட்டு, அப்புறம் பாபநாசம். கோடையில் முகத்துவாரத்துக்குத் தண்ணீரே போகாத நாட்கள் உண்டு. அணைக்கட்டை ஒட்டிப் படிப்படியாகத் தண்ணீர் இறங்கும் மீன் ஏணி கட்டலாம். ஏணி இருந்தாலும் ஆற்றில் மணல் அள்ளினால் மற்ற ஆற்று மீன்கள் முட்டையிடும் இடம் போய்விடும்.

தாமிரபரணியின் பெயரையே தாங்கிய ஒரு கெண்டை உண்டு. அதை உலகத்துக்கு விவரித்துச் சொன்ன சைலஸ் பின்னாளில் கடல் மீன்வள நிறுவனத்துக்கே இயக்குநரானார்.

கூடங்குளத்துல சுடுதண்ணி விடுதாங்க, அதனாலதான் மீன் கொறஞ்சுச்சா? நேரா பதில் சொல்லுங்க.

முதல் உலை 2014 டிசம்பர் முடிவிலும் இரண்டாவது 2017 மார்ச் முடிவிலும் வணிக உற்பத்திக்கு வந்தன. வெளியேற்றும் நீர் கடல்நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது விதி. மீன் குறைந்ததா, எதனால் குறைந்தது என்று சொல்ல மூன்று கணக்கு கையில் வேண்டும்: உலைக்கு முன் அந்தக் கரையில் பாடு எவ்வளவு, பின் எவ்வளவு, அதே வருடங்களில் தொலைவில் உள்ள உவரி போன்ற கரையில் எவ்வளவு. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிக் குறைந்திருந்தால் காரணம் பெரிய கடலில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் அந்தப் பக்கத்தில் தேட வேண்டும். அந்தக் கணக்கை நிறுவனமும் எடுக்க வேண்டும், மீனவரும் தனியாக வைத்திருக்க வேண்டும், இரண்டையும் ஊர் நடுவில் வைத்துப் பேச வேண்டும். கேட்கிற உரிமை முழுக்க உங்களுடையது.

எங்க அனுபவத்துக்கு அங்க மதிப்பு உண்டுமா? கேட்டுட்டுப் போறவுக திரும்பி வாரதில்லையே?

இந்தக் கேள்விக்கு எனக்குத் தலைகுனிவுதான். ஒரு கணக்கெடுப்புக்கு நானே வீடு வீடாகப் போனேன். அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது, ஊருக்கு ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை. அதிலிருந்து யார் வந்தாலும் மூன்றைக் கேளுங்கள் என்று சொல்லி வருகிறேன்: எந்த அலுவலகம், எதற்காக, முடிவைத் தமிழில் எப்போது தருவீர்கள்.

மதிப்பு உண்டு. எந்தப் பார் எங்கே, எந்த நீவாட்டில் எது படும் என்பதைக் கேட்டுத்தான் மீன் சேர்வதற்காகக் கடலடியில் செயற்கைப் பாறை இறக்கும் இடத்தையே முடிவு செய்ய வேண்டும், கேட்காமல் இறக்கினால் மணலில் புதைந்துவிடும். இடிந்தகரைப் பக்கம் ஒரு அண்ணாச்சி மகளின் பழைய பள்ளி நோட்டில் கோடு போட்டு எழுதிவருகிறார். தேதி, காற்று, போன நேரம், வந்த நேரம், டீசல், எந்த மீன் எத்தனை கிலோ. காற்று என்ற இடத்தில் கச்சானுக்கு "க", வாடைக்கு "வா", கொண்டலுக்கு "கொ". ஒன்றும் படாத நாளிலும் வெறுமனே விடாமல் பூஜ்யம் போட்டிருக்கிறார். நான் பார்த்தபோது நாலாவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது.